எட்டில் ஒரு பங்கு

இலுப்பையடி,
14.03.1993

அன்புள்ள அக்காவுக்குத் தம்பிஐயா எழுதிக்கொள்வது.

வயிரவர் புண்ணியத்தில் நானும் பத்மாவதியும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? வெள்ளவத்தைக் கடற்காற்று அதற்குக் கூடாது என்று உங்கள் மகளுக்கு அப்போதே சொன்னேன். ஆர் கேட்டது?

கிளாலிக் கடலைப் படகில் கடந்து கொழும்புக்கு வரும் ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அலுவல் கடிதம். கவனமாக வாசியுங்கள்.

நம்முடைய புகையிலைக் கொட்டில்களில் குருநகர்ப் பக்கத்து நாற்பது கடற்றொழில் குடும்பங்கள் இரண்டு வருடமாக இருக்கின்றன. கரையில் இருக்க முடியாமல் வந்தவர்கள். ஒரு கொட்டில் என்னுடையது. அவர்கள் குடிக்கிற பள்ளிக்கூடக் கிணறு உவராகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றோட்டம். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வந்து, ஊர் முழுவதும் ஒன்றாக இருந்து யோசித்து ஒரே ஒரு தேவையை எழுதித் தந்தால் செய்து தருவோம் என்றது. கோயில், தேவாலயத்துப் பங்குச் சுவாமியார், கூட்டுறவுச் சங்கம், முன்னேற்றச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுக்குழு. நான் தலைவர். மற்றவர்களுக்குள் ஒருவரோடொருவர் பெருங்கோபம், என்னோடு எல்லாருக்கும் கொஞ்சக் கோபம்தான். அதனால் எனக்கு விழுந்தது.

கூட்டத்தில் தேவைகள் இருபத்துமூன்று வந்தன. கோயில் மனேச்சர் இராசநாயகம் மதில் கேட்டார். செல்வரட்ணம் மாஸ்டர் வாசிகசாலைக்கு அலுமாரி. நான் றோட்டு என்றேன், என் லொறி போகவேண்டுமே. கடைசியாகக் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கிறகோரி எழும்பி, "எங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தான். நிறுவனத்துப் பெண்பிள்ளை மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அதை எழுதினாள்.

வற்றாத நல்ல தண்ணீர் நம் வயிரவர் கிணற்றில்தான். அதில் உள்ள எட்டுப் பங்கும் உங்களுக்குத் தெரியும்: எனக்கு மூன்று, மாஸ்டருக்கு இரண்டு, இராசநாயகத்துக்கு இரண்டு, உங்களுக்கு ஒன்று. பங்காளி குடிக்க ஒரு குடம் எந்த நாளும் அள்ளலாம். நாற்பது குடும்பத்துக்கு அள்ளுவதென்றால் ஒருவருடைய முறை நாள் முழுவதும் வேண்டும். உங்கள் முறைதான் சும்மா கிடக்கிறது. எட்டு நாளைக்கு ஒருமுறை பம்பு வைத்து இறைத்து, குழாயால் கொட்டிலடித் தொட்டிக்கு விடுவது திட்டம்.

இன்னொன்று. "தண்ணி குடுப்பம். கயிறு குடுக்கேலாது" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் சாதி என்று வாயால் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை, அதனால் சுகாதாரம் என்கிறார்கள். குழாய் என்றால் அவர்கள் கிணற்றடிக்கு வரத் தேவையில்லை. இரண்டு பக்கமும் மரியாதை மிஞ்சும். இது என் மூளை.

பத்திரம் உள்ளே வைத்திருக்கிறேன். பங்காளர் எல்லாரும் கையொப்பம் வைத்தால்தான் நிறுவனம் தொடங்கும். உங்கள் ஒப்பத்தைச் சுணக்காமல் அனுப்புங்கள்.

மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.
தம்பிஐயா

*

வெள்ளவத்தை,
20.04.1993

தம்பி,

உன் கடிதம் சித்திரை வருடப்பிறப்பன்று கிடைத்தது. நல்ல நாளில் உன் கையெழுத்தைக் கண்டது சந்தோசம். முழங்கால் படி ஏறவிடுகுதில்லை. மற்றும்படி உயிரோடு இருக்கிறேன். பத்மாவதியின் இருமல் சுகமா? நீ எழுதவில்லை.

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்பதை வாசித்து மனம் ஒருமாதிரிப் போய்விட்டது. ஆனால் ஒரு விசயம் விளங்கவில்லை. 1991 ஆவணியில் நீ எழுதினாய்: "வயிரவர் கிணறு உவராகிப் போச்சு அக்கா, உங்கள் பங்கு இனி ஒருவருக்கும் உதவாது, வாற விலைக்கு நானே எடுக்கிறேன்" என்று. நானும் அழுதுவிட்டு, "பங்கை நீயே எடு தம்பி, எழுத்தைப் பிறகு பார்ப்போம்" என்று பதில் போட்டேன். பாதை பூட்டி உறுதிப் பத்திரம் எழுதுவது நடக்கவில்லை.

உவர்த் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் எப்படிச் சுகப்படும்?

என் முறை சும்மா கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். நீ ஒரு பொருளையும் சும்மா கிடக்கவிடுகிற ஆள் இல்லை. அந்த நாளில் ஆருடைய தோட்டம் இறைபடுகிறது?

பத்திரம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. பதில் வரட்டும்.

உன் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டும்,
அக்கா

*

இலுப்பையடி,
11.05.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்மாவதிக்கு இருமல் குறைவு. ஆடாதோடை அவித்துக் குடிக்கிறாள். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசுங்கள்.

கடையில் சவர்க்காரம் இல்லை, நெருப்புப்பெட்டி இல்லை. சனம் பனங்காயை வைத்துத் துணி தோய்க்குது. லொறி நின்று ஆறு மாதம். சைக்கிளில்தான் வெங்காயம் ஏற்றுகிறோம். முப்பது வருடத்துக்கு முன் தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டேன், வயது மட்டும்தான் கூட.

குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் தொட்டியை எங்கே கட்டுவது என்று வாக்குவாதம். இரண்டாவதில் தேத்தண்ணீருக்குச் சீனி ஆர் தருவது என்று. மூன்றாவதில் சுவாமியார் பொறுமையிழந்து தானே மண்வெட்டியோடு போய் அத்திவாரம் வெட்டத் தொடங்கினார். பிறகு வெட்கத்தில் எல்லாரும் போனோம். நிறுவனம் சீமெந்து தந்து தொட்டி எழும்புகிறது. குழாயும் பம்பும் பட்டினத்தில் வந்து கிடக்கின்றன. மாஸ்டரும் இராசநாயகமும் உங்கள் ஒப்பத்தைக் கண்ட பிறகு வைப்பார்களாம். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் எல்லார் ஒப்பமும் கிடைக்காவிட்டால் சாமானை வேறு ஊருக்குக் கொடுப்போம் என்கிறார்கள்.

கிணற்றுக் கதையைக் கடிதத்தில் கதைக்கேலாது. நேரில் கதைப்போம். ஒப்பத்தை வைத்து அனுப்புங்கள்.

தம்பிஐயா

*

இலுப்பையடி,
06.06.1993

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, கோபிக்காதேயுங்கோ. பதில் இல்லாமல் ஒரு மாதம் ஓடுகிறது. தபால் சுணக்கமோ நீங்கள் சுணக்கமோ தெரியவில்லை.

தொட்டி கட்டி முடிந்து வெறுமனே நிற்கிறது. பிள்ளைகள் அதற்குள் இறங்கி ஒளித்துப் பிடித்து விளையாடுகிறார்கள். வெள்ளிக்கிழமை யாகோப்பு என்பவனின் கடைசிப் பெட்டை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. ஒன்றரை வயது. பெட்டி அடிக்கப் பலகை என் கடையில் வாங்கினார்கள். நான் காசு வாங்கவில்லை, அதைப் பெருமையாக எழுதவும் இல்லை.

வீட்டில் இருக்க மனம் பிடிபடுகுதில்லை. கிணற்றடிக்குப் போகிறேன், கொட்டிலடிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். நடுவில் முந்நூறு யார்தான்.

ஒப்பத்தை அனுப்புங்கள்.
தம்பிஐயா

*

வெள்ளவத்தை,
25.06.1993

தம்பி,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. அந்தக் குழந்தைக்காகக் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றினேன். அவர்கள் சேசு வேதக்காரர், இருந்தாலும் விளக்குக்குத் தெரியுமோ.

ஒப்பம் வைத்துவிட்டேன். உன் பத்திரத்தில் அல்ல. வெள்ளவத்தையில் ஒரு நொத்தாரிசிடம் போய், கிணற்றோடு ஒட்டிய என் காணியில் ஆறு குழி நிலமும், அதற்குரிய எட்டில் ஒரு கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் கடற்றொழிலாளர் சங்கத்தின் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிட்டேன். விற்பனை என்றால் தேசவழமைச் சட்டப்படி பங்காளரைக் கேட்கவேண்டும், நன்கொடைக்கு ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று நொத்தாரிசு சொன்னார். உறுதியின் பிரதி இதோடு வருகிறது. கிறகோரியிடம் கொடு.

ஏன் என்று கேட்பாய். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் அகதி முகாமில் பதினொரு நாள் இருந்தேன், பிறகுதான் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தேன். உனக்கு முகாமைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை. அங்கே ஒரு நல்ல மனுசி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் கையில் ஊற்றுவாள். குறை சொல்லமுடியாது, மிக நல்லவள். நான் தண்ணீரைப் பார்த்ததில்லை. அவள் முகத்தைத்தான் பார்ப்பேன், இன்றைக்கு என்ன மனநிலை என்று. சொந்தக் கிணறுள்ள ஊரில் பிறந்தவள் நான்.

குழாய் போட்டால் அதன் பூட்டும் திறப்பும் உங்களிடம் இருக்கும். பங்காளிக்குத் திறப்புத் தேவையில்லை.

ஆருடைய தோட்டம் இறைபட்டது என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இனி எழுதவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அக்கா

*

இலுப்பையடி,
19.07.1993

அக்கா,

பத்மாவதி சுகம் கேட்கச் சொன்னாள். நான் இப்போது கேட்கிற நிலைமையில் இல்லை.

என்ன வேலை பார்த்திருக்கிறீர்கள்? நாலு மாதம் ஒவ்வொருவர் வாசலிலும் நின்று, இவரைத் தடவி அவரைத் தட்டி, கயிறு என்ற சொல்லே வராமல் ஒரு வழி பண்ணிவைத்தேன். நீங்கள் கொழும்பில் இருந்து ஒரு கடதாசியால் அதைக் குழப்பிப்போட்டீர்கள். பங்காளி என்றால் கிணற்றடிக்கு வருவான், கயிறு பிடிப்பான், முறை கேட்பான். செல்வரட்ணம் மாஸ்டர் உறுதிப் பிரதியை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பராசக்தி படிச்ச பிள்ளை. இப்பிடிச் செய்வாவெண்டு நான் நினைக்கேல்லை" என்றார். இராசநாயகம் வேலியடியில் நின்று கத்தினார்.

இப்போது அவர்கள் பிடித்திருக்கிற வழி வேறு. 91இல் நீங்கள் எனக்கு எழுதின கடிதத்தைப் பற்றி நானே ஒருநாள் கோயில் மடத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். "பங்கை அப்பவே தம்பிக்குக் குடுத்திட்டா. இல்லாத பங்கை ஆருக்கு நன்கொடை எழுதினவ?" என்று கேட்கிறார்கள். உறுதி இல்லாவிட்டாலும் ஊருக்கு அந்தக் கடிதம் போதும். வழக்குள்ள கிணற்றில் நிறுவனம் கை வைக்காது. ஓகஸ்ட் எட்டாம் திகதி கூட்டுக்குழு கூடுகிறது. கடிதத்தைக் கொண்டுவந்து வாசிக்கட்டாம்.

கடிதம் என் பெட்டகத்தில்தான் இருக்கிறது. நான் இந்த ஊரில் ஒன்றுமில்லாமல் தொடங்கி ஆளானவன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த இரண்டு வீட்டுச் சொந்தம். உங்களுக்கென்ன, நீங்கள் மகளோடு கனடாவுக்குப் போய்விடுவீர்கள்.

என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.
தம்பிஐயா

*

வெள்ளவத்தை,
02.08.1993

தம்பி,

சுகமாயிரு.

நான் எழுதின கடிதம் உன்னிடம் இருக்கிறது. நீ எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது. நான் அதை ஒருவருக்கும் காட்டமாட்டேன். மகளுக்கும் காட்டவில்லை.

வேறு ஒன்றும் சொல்ல இல்லை.
அக்கா

*

இலுப்பையடி,
17.08.1993

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டாம் திகதி நீங்கள் எழுதினது நேற்றுத்தான் வந்தது. கூட்டம் முடிந்து எட்டு நாள். உங்கள் சொல் கிடைக்குமுன் நடந்ததை எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினோம். ஒரு பக்கம் தோட்டக்காரர், மறுபக்கம் கொட்டில் சனம், நடுவில் சுவாமியாரும் நிறுவனத்துப் பெண்பிள்ளையும். நான் தலைவர் கதிரையில்.

இராசநாயகம் வளைத்துக் கதைக்கிற ஆள் இல்லை. "தம்பிஐயா, கடிதத்தை எடு. வாசிச்சால் அலுவல் முடிஞ்சுது" என்றார்.

எடுத்தேன். வாசித்தேன். "பங்கை நீயே எடு தம்பி" என்ற இடத்தில் மாஸ்டர் கையை உயர்த்தி, "காணும், காணும். பராசக்தி தன்ரை கையாலை எழுதினது" என்றார்.

கிறகோரி எழும்பினான். கோபமாக எழும்பியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறி, "அப்ப சரி முதலாளி. நாங்கள் போட்டு வாறம். அம்மாவுக்கு எங்கடை நன்றியை எழுதிவிடுங்கோ" என்றான். பின்வரிசையில் யாகோப்பு தன் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"இருங்கோ" என்றேன். "உந்தக் கடிதம் ஒரு பதில். அதுக்கு முதல் நான் ஒரு கடிதம் போட்டனான். அதையும் கேட்டிட்டுப் போங்கோ. கிணறு உவராப் போச்செண்டு அக்காவுக்கு எழுதினன். கிணறு உவராகேல்லை. பங்கை மலிவா எடுக்க எழுதினது. அதை நம்பித்தான் அவ எழுதினவ. அவ கொழும்புக்குப் போய் நாலு வருசம், அவவின்ரை முறையிலை என்ரை வெங்காயம்தான் தண்ணி குடிச்சது. பொய் சொல்லி வாங்கின சொல் சொல்லில்லை. பங்கு அக்காவின்ரை. அவ விரும்பின ஆக்களுக்குக் குடுக்கலாம்."

 பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப தராசும் உப்பிடித்தானோ?" சனம் சிரித்தது. கொட்டில் சனம் சிரிக்கவில்லை, நம் ஆட்கள்தான்.

மாஸ்டர் கடைசியில் சொன்னது: "நாங்கள் சம்மதமெண்டு ஒப்பம் வைக்கமாட்டம். மறிக்கவும் மாட்டம்." நிறுவனத்துக்கு எட்டுப் பங்கின் ஒப்பமும் வேண்டும். அந்தப் பெண்பிள்ளை அழாக் குறையாகக் கோப்பை மூடினாள். குழாயும் பம்பும் வேறு ஊருக்குப் போய்விட்டன. ஐந்து மாதம் கூடிக் கூடிப் போட்ட திட்டத்தில் எஞ்சியது ஒரு தொட்டி.

ஆனால் பங்கு பங்குதான். வியாழக்கிழமை உங்கள் முறை. விடியப் போனேன். கிறகோரியும் அறுபது எழுபது பேரும் வாளி, குடம், தகரம் எல்லாம் கொண்டு வந்து வேலியில் இருக்கிற பொட்டு வழிக்கு வெளியில் நிற்கிறார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை.

"முதலாளி, முதல் வாளியை நீங்கள் அள்ளித் தாருங்கோ" என்றான்.

"இண்டைக்கு உங்கடை முறை கிறகோரி. நான் அள்ளினால் அது களவு" என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். பொழுதுபடும்வரை கை மாற்றிக் கை மாற்றி அள்ளித் தொட்டியை நிரப்பினார்கள். கிணறு இரண்டு முழம் இறங்கியது, அவ்வளவுதான்.

கடைக்கு வருகிறவர்கள் குறைவு. வெங்காயம் கொண்டுவந்த மூன்று பேர் வேறு தராசிலும் நிறுத்துவிட்டுத்தான் தந்தார்கள். போகப் போகச் சரிவரும், அல்லது வராது. குழுத் தலைவர் பதவியை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். என்னை விட அவருக்குக் கையெழுத்து அழகு.

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது கடிதத்தில் கேட்கிற விசயம் இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
தம்பிஐயா

*

புகையிலைக் கொட்டில், இலுப்பையடி,
03.10.1993

மதிப்புக்குரிய பராசக்தி அம்மாவுக்கு,

சேசுவின் திருநாமத்தில் வணக்கம். நான் கிறகோரியின் மகள் சிசிலியா. அப்பாவுக்கு எழுதத் தெரியாது, எழுதச் சொன்னார். நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க எல்லா ஞாயிறும் பூசையில் மன்றாடுகிறோம்.

தொட்டித் தண்ணீர் நல்ல தண்ணீர். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நின்றுவிட்டது. யாகோப்பு அண்ணையின் மனுசி ஒரு மாதம் தொட்டியடிக்கு வரவில்லை. இப்போது வருகிறா.

ஒரு விசயம் உங்களுக்கு எழுதவேண்டாம் என்று உங்கள் தம்பி முதலாளி சொன்னவர். எழுதாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது. தொட்டி நிரப்பினால் ஐந்து நாளைக்குத்தான் காணும். மிச்ச மூன்று நாளுக்கு அவர் தன்னுடைய முறை ஒன்றை எங்களுக்கு விட்டிருக்கிறார். தானம் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதிலுக்கு எங்கள் ஆண்கள் அவருக்கு வெங்காயம் பிடி கட்டிக் கொடுக்கவேண்டும். கட்டுகிறார்கள். வலை முடிச்சுப் போடுகிற கை என்பதால் பிடி அவிழாதாம், சந்தையில் நல்ல பெயராம். அதற்காக ஒரு பிடி கூடவும் தரமாட்டார். ஆனால் அந்த முறைக்குரிய பாத்தியில் அவர் இந்தமுறை ஒன்றும் நடவில்லை.

போன ஞாயிறு கிணறு இறைத்துச் சேறு அள்ளினது. மழைக்கு முன் வருடத்துக்கு ஒருமுறை பங்காளர் சேர்ந்து செய்கிற வேலை என்று எங்களுக்குத் தெரியாது. முதல்நாள் பின்னேரம் செல்வரட்ணம் மாஸ்டர் சைக்கிளில் வந்து, இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்று, "பங்குக்கு ரெண்டு பேர். காலமை ஆறு மணி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்பாவும் கனிசியஸ் அண்ணையும் போக எழுந்தார்கள். காலைப் பூசை முடிந்துதான் போகலாம் என்று அம்மா மறித்துவிட்டா. அரைமணித்தியாலம் பிந்திவிட்டது. போனபோது மாஸ்டர் முழங்கால் வரை சேற்றோடு மேலே ஏறி வந்து எல்லாருக்கும் முன்னால் அப்பாவைப் பேசினாராம். "ஆறு மணியெண்டால் ஆறு மணி. தண்ணிக்கு மட்டும் விடிய முன்னம் வருவியள், சேத்துக்குப் பூசை முடியவேணுமோ? பங்கெடுத்தால் ஒழுங்கா வாங்கோ. இனிப் பிந்தினால் முறை வெட்டுவன்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாராம். மத்தியானம் சேறும் பாசியுமாய் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் மாஸ்டர் பேசினதை ஒரு சொல்லும் விடாமல் அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினார். இரண்டாம் முறையும் சொல்லிக் காட்டினார். குருநகரை விட்டு வந்த பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.
சிசிலியா கிறகோரி